பாதுகாவலர் கையொப்பம்

இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிரிண்டரில் தாளை இழுக்கும் ரப்பர் உருளையை மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு. பத்திர ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் செல்லத்தாயின் எட்டடி அறை. பெர்சி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து திருகுகளைக் கழற்றினாள். செல்லத்தாய் ஸ்டூலில் இருந்தபடி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் என் கையில விழுது. உள்ள காட்டும்மா."

"உள்ளதான் காட்டுதேன். நீதான் தலையக் கொண்டு மறைக்க."

பெர்சி துறைமுகத்தில் சரக்குப் பெட்டகம் தூக்கும் கிரேன்களுக்கு மின்பழுது பார்ப்பவள். இந்தப் பழுது அவளுக்குப் பத்து நிமிட வேலை. பழைய உருளை வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது. புதியதைப் பொருத்தி ஒரு தாளை ஓட விட்டாள். கோணாமல் வந்தது. செல்லத்தாய் அதைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஓரம் பார்த்தாள். அது ஒரு தத்துப் பத்திரத்தின் முதல் பக்கம். வேம்பார் உப்பளத்தில் வேலை பார்க்கும் செந்தில்முருகனும் அவன் மனைவி இந்துமதியும், இந்துமதியின் தங்கை பெற்ற இரண்டு வயதுப் பெண்ணைத் தத்து எடுக்கிறார்கள்.

"கிரேனுக்கு இது லேசுதான?"

"கிரேன் இம்புட்டு அடம் பிடிக்காது."

"என்கிட்ட வளர்றது எல்லாம் அடம் பிடிக்கத்தான் செய்யும்," என்றாள் செல்லத்தாய், பிரிண்டரைப் பார்க்காமல்.

புதன்கிழமை பத்திரம் பதிவானது. வெள்ளிக்கிழமை செல்லத்தாய் அதன் அசலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து தன் தோள்பைக்குள் வைத்தாள். சனிக்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தொன்று. இதயம் என்றார் டாக்டர். பெர்சி வேலை பார்க்கும் இடத்தில் எந்தப் பழுதுக்கும் காரணம், நேரம், சரிசெய்த விதம் என்று மூன்றும் எழுதியாக வேண்டும். இதற்கு நேரம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்லத்தாயின் தம்பி விஜயராஜ் வந்தார். அக்காவுக்குக் கொள்ளி அவர்தான் வைத்தார். "நீ வேதக்காரப் பிள்ள. உனக்கு வழக்கமில்ல. பக்கத்துல நில்லு, போதும்," என்றார். பெர்சி பக்கத்தில் நின்றாள். மயானப் பதிவேட்டில் உறவு என்ற இடத்தில் அவர் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் மாநகராட்சிப் படிவத்தில் வந்தது. வீட்டில் நடந்த இறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும். இறந்த வீட்டில் இருந்தவள் பெர்சி. தகவல் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். பெயர், வயது, முகவரி, இறந்த நேரம் எல்லாம் நிரப்பிவிட்டாள். 'தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"வளர்ப்பு மகள்னு போடு," என்றார் விஜயராஜ். "வக்கீல்ட்ட கேட்டுட்டேன். வாரிசுச் சான்றிதழ் எடுத்தா என் பேருதான் வருமாம், உன் பேரு வராதாம். நான் ஒண்ணும் உங்கிட்ட மல்லுக்கு நிக்க வரல. ஆனா சட்டம் அப்படி இருக்கு."

"அம்மாவுக்கு அந்த வார்த்த பிடிக்காது மாமா."

"எந்த வார்த்த?"

"வளர்ப்பு. அப்படி ஒரு உறவு சட்டத்துல கிடையாது, நாயையும்தான் வளக்கோம்னு சொல்லும்."

விஜயராஜுக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீடு என்று அடக்கிக்கொண்டார். "சொல்லுவா. சொல்லக்கூடியவதான். அப்போ மகள்னு போடு."

பெர்சி படிவத்தை மடித்து வைத்தாள். கட்டத்தில் பொய் எழுதாத ஒருத்தியின் சாவை, பொய் எழுதிப் பதிய அவளால் முடியவில்லை.

செல்லத்தாய் உடன்குடிக்காரி. எட்டு வயது வரை செம்மணலில் செருப்பில்லாமல் நடந்தவள். அப்பா தூத்துக்குடியில் பலசரக்குக் கடை போட்டதும் குடும்பம் இங்கே வந்தது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஒரு வக்கீலிடம் தட்டச்சுக்குப் போனாள். அங்கிருந்தபடியே தேர்வு எழுதிப் பத்திர எழுத்தர் உரிமம் வாங்கினாள். அந்தச் சந்தில் அப்போது பதினோரு பேர் பத்திரம் எழுதினார்கள், பத்து பேர் ஆண்கள். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "கட்டாயம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

விற்பனை, தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதினாள். ஆனால் அவள் பெயர் பரவியது தத்துப் பத்திரத்தில். உரிமையைக் கை மாற்றும் பத்திரங்களில் காகிதமே காரியத்தை நடத்தும். தத்தில் அப்படி இல்லை. பெற்றவர் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், ஏற்பவர் கை நீட்டி வாங்க வேண்டும். அதுதான் தத்து. பத்திரம் அதற்குச் சாட்சி மட்டும். வீட்டிலேயே கொடுத்து வாங்கியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவள் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

"நான் பாக்கலையே. இன்னொரு மட்டம் கொடுங்க, பாக்கட்டும்."

அந்த எட்டடி அறைக்குள் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். சிலருக்குக் கை வராது. செல்லத்தாய் அவசரப்படுத்த மாட்டாள். ஒருத்தி முக்கால் மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஏற்க வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "எழுதின பெறவு மனசு மாறியிருந்தா பிள்ளையத் திருப்பிக் கூப்பிட முடியாது. தத்து ஒருக்கா நடந்தா ரத்துக் கிடையாது. இப்பமே போனது நல்லது," என்று அவர்களுக்குத் தேநீர் வரவழைத்தாள்.

ஒருமுறை, துறைமுகத்தில் ஏற்றுமதி பார்க்கும் பெரிய ஆள் ஒருவர் பதினேழு வயது மச்சினன் மகனைத் தத்தெடுக்க வந்தார். பதினைந்து தாண்டியவரைத் தத்தெடுக்க வேண்டுமென்றால் அந்தச் சாதியில் அப்படி ஒரு வழக்கம் இருக்க வேண்டும். "எங்களுக்கு வழக்கம் உண்டுன்னு எழுதும்மா," என்றார். "யாரு எடுத்தா, எப்ப எடுத்தா, ரெண்டு பேரு சொல்லுங்க, எழுதுதேன்," என்றாள். ஒரு பேர்கூட அவரிடம் இல்லை. அவர் இரண்டு கடை தள்ளி எழுதிக்கொண்டு போனார். பிற்பாடு அந்தத் தத்து நீதிமன்றத்தில் நிற்கவில்லை. செல்லத்தாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து அறையில் பத்திரம் எழுதும் தேவபிரசாதம்தான் மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

மற்ற பத்திரங்களை ஆள் வந்து வாங்கிக்கொள்ளலாம். தத்துப் பத்திரத்தை மட்டும் அவளே வீட்டுக்குக் கொண்டுபோவாள். பஸ் ஏறிப் போய், பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, அதற்குப் புரியுமோ புரியாதோ, முழுவதும் வாசித்துக் காட்டுவாள். "இன்று முதல் இக்குழந்தை எல்லாக் காரியங்களுக்கும் இவர்கள் பெற்ற குழந்தையாகவே கருதப்படும். பிறந்த வீட்டோடு இருந்த உரிமைகள் இன்றோடு முடிந்தன. திருமண உறவு கூடாது என்ற தடை மட்டும் அந்த வீட்டோடு தொடரும். இந்தத் தத்தைக் கொடுத்தவர், ஏற்றவர், குழந்தை மூவராலும் ரத்து செய்ய முடியாது." வாசித்து முடித்ததும் பிள்ளையின் கையில் ஒரு கருப்பட்டி மிட்டாய். சின்ன வயதில் பெர்சியும் கூடப் போயிருக்கிறாள். அவளுக்கும் ஒரு மிட்டாய் கிடைக்கும். அப்படி ஒரு பத்திரம் தனக்கு இல்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பெர்சியைப் பெற்றவள் ஆனி. கணவன் சங்கு குளிப்பவன். காற்றுக் குழாய் அறுந்து கடலுக்குள் போனான். அவனுடைய இறப்புக் காகிதங்களுக்கு மனு எழுதத்தான் ஆனி முதல்முறை அந்தச் சந்துக்கு வந்தாள், இடுப்பில் ஒன்றரை வயதுப் பெர்சியோடு. மனு எழுதுகிற வரை பிள்ளை செல்லத்தாயின் மடியில் இருந்து முத்திரை மையைத் தொட்டு மூன்று தாள்களைப் பாழாக்கியது. பிறகு ஆனி இறால் கம்பெனி வேலை முடிந்து வரும் வழியில் அடிக்கடி எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். பெர்சிக்கு நான்கு வயதாகும்போது ஆனியின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன.

"நீங்க வச்சிக்கிடுவீங்களா அக்கா?"

"வச்சிக்கிடுதேன்."

"பேர மாத்தாதிங்க. ஞாயித்துக்கிழம பூசைக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க."

"சரி."

இவ்வளவுதான் பேச்சு. மறுநாள் செல்லத்தாய் எந்த வழியில் எழுதுவது என்று யோசித்தாள். இந்துத் தத்துச் சட்டத்தில் எடுக்கிறவரும் இந்து, எடுக்கப்படும் பிள்ளையும் இந்துவாக இருக்க வேண்டும். பெர்சி ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. அரசு வழியாகத் தத்துக் கொடுக்கலாம். ஆனால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டால் பிள்ளை யார் வீட்டுக்குப் போகும் என்பதை ஆனி தீர்மானிக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒன்று: நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்குவது. அதில் பிள்ளை மகளாகாது. பதினெட்டு வயதில் உத்தரவும் முடிந்துவிடும்.

தேவபிரசாதத்துக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. அவரே தினமும் ஜெபம் சொல்லிவிட்டுக் கடை திறக்கிறவர்.

"ஏ செல்லத்தாயி. ஒரே ஒரு வரி. மதம்னு இருக்கிற இடத்துல இந்துன்னு எழுது. நானே சாட்சி போடுதேன். ஆரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா அண்ணாச்சி."

"ஊர்ல எல்லாவனும் எழுதுதான்."

"அவன் பிள்ளைக்கு எழுதுதான். என் பிள்ளைக்கு அப்படி ஒரு காயிதம் வேண்டாம். செல்லாத தத்துல புது வீட்டு உரிமையும் வராது. என்னைக்கோ ஒருத்தன் வந்து அதக் கிழிச்சான்னா இது எங்க போயி நிக்கும்?"

ஒன்பது வாய்தா நடந்தாள். ஆனி கடைசி இரண்டு வாய்தாவுக்கு ஆட்டோவில் படுத்தபடி வந்தாள். நீதிபதி, பிள்ளையை எந்த மதத்தில் வளர்ப்பீர்கள் என்று கேட்டார். "பெத்தவ சொல்லிட்டா ஐயா. ஞாயித்துக்கிழம பூச," என்றாள். உத்தரவு வந்து பதினோராம் நாள் ஆனி போய்விட்டாள்.

அன்று முதல் செல்லத்தாய் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. பெர்சியை உள்ளே அனுப்பிவிட்டு மாதா கோயில் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று அந்த வாரத்து வரைவுகளைத் திருத்திக்கொண்டிருப்பாள். கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கு வெள்ளைக் கவுன் தைக்க மூன்று கடை ஏறி இறங்கினாள். தையற்காரி, பிள்ளைக்குத் தாய் யார் என்று கேட்டபோது, "தாய் ஆனி. துணி எடுக்கது நான்," என்றாள்.

பள்ளிப் படிவங்களில் 'பெற்றோர் / பாதுகாவலர்' என்று அச்சடித்திருக்கும். செல்லத்தாய் ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்துப் 'பெற்றோர்' என்ற சொல்லை அடிப்பாள். பிறகு கையெழுத்து. மதிப்பெண் அட்டை, சுற்றுலா ஒப்புதல், பாலிடெக்னிக் விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்த நேர்க்கோடு. எட்டாம் வகுப்பில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மா உனக்கு வாட்ச்மேனாட்டி?" என்று கேட்டாள். பெர்சி அன்று சாப்பிடவில்லை.

"ஒரு அட்டையில அடிக்காம விட்டாத்தான் என்னம்மா? கோர்ட்டா வந்து பாக்கப் போவுது?"

"நான் உன்னப் பெத்தேன்னு எழுதினா, ஆனி பெறலன்னு ஆவும்லா. அவ எங்க போயிச் சொல்லுவா?"

பெர்சிக்கு அந்தப் பதில் போதவில்லை. பதிமூன்று வயதில் யாருக்கும் போதாது. பதினெட்டு முடிந்த அன்று உத்தரவின் நகலை எடுத்து மேசையில் வைத்தாள். "இது இன்னையோட காலாவதி. இப்பமாவது என்ன முறையா எடுத்துக்கிடேன்."

"பதினஞ்சு தாண்டிட்டு. வழக்கம் இருந்தா எடுக்கலாம். நமக்கு அந்த வழக்கம் கிடையாது. அந்தப் பெரிய ஆளுக்கே எழுத மாட்டேன்னவ எனக்கு எழுதுவேனா?"

"அப்போ இன்னையில இருந்து நான் யாரு?"

செல்லத்தாய் நகலை எடுத்து மடித்தாள். "போயிச் சோறு வடி," என்றாள். அவள் பதில் சொல்லாத ஒரே கேள்வி அதுதான் என்று பெர்சி எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செல்லத்தாய் இறந்து பத்தொன்பது நாள் ஆன அன்று மாலை தேவபிரசாதம் வீட்டுக்கு வந்தார். எழுபத்து மூன்று வயது. படியேறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, "பீரோவுல மேல்தட்டு, பச்சத் துணி உறை. எடுத்துட்டு வா. நாலு வருஷமா வாய மூடிட்டு இருக்கேன், இனி முடியாது," என்றார்.

உறைக்குள் பதிவு செய்த உயில் ஒன்று இருந்தது. தட்டச்சு இல்லை, முழுவதும் செல்லத்தாயின் கையெழுத்து. வீடும் அறையும் பெர்சிக்கு. உயில் எழுத உறவு வேண்டியதில்லை, யாருக்கும் எழுதலாம் என்பது பெர்சிக்கும் தெரியும். அவள் வாசித்தது அதற்கு முந்தைய பத்தியை.

'மேற்படி பெர்சி என்பவர் எனக்குப் பிறந்தவர் அல்ல. அவரைப் பெற்றவர் காலஞ்சென்ற ஆனி. மேற்படியாரை நான் தத்து எடுக்கவும் இல்லை. அவர் மைனராக இருந்த காலத்தில் மாவட்ட நீதிமன்ற உத்தரவுப்படி நான் அவருடைய பாதுகாவலராக இருந்தேன். அவருக்குப் பதினெட்டு வயது முடிந்தபோது அந்த உத்தரவும் முடிந்தது. அதன் பிறகு எந்த உத்தரவும் இல்லாமலே அவர் என்னோடு இருந்துவருகிறார். அவர் என் மகள்.'

பெர்சி அதை இரண்டாம் முறை வாசித்தாள். வரிக்கு வரி சரிபார்த்தாள். பொய் ஒன்றும் இல்லை.

"சாட்சி போடும்போது நான் சும்மா இருக்காம கேட்டேன்," என்றார் தேவபிரசாதம். "ஏ செல்லத்தாயி, அம்புட்டு ஃபாரத்துலயும் கோடு போட்டு அடிச்சியே, இப்ப மகள்ங்கியே, இது மட்டும் சரியான்னு."

"என்ன சொல்லிச்சு?"

"அதெல்லாம் சட்டம் கேட்ட கேள்வி அண்ணாச்சி, சட்டத்துல உள்ளத எழுதினேன். இது என் உயிலு. இதுல நான் சொல்லுததுதான் இருக்கணும்னா." அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருஷம் பக்கத்து அறையில இருந்திருக்கேன். நான் எழுதின எத்தனையோ நிக்கல. அவ எழுதினதுல ஒண்ணுகூட விழல, கேட்டியா."

அவர் போன பிறகு பெர்சி படிவத்தை விரித்தாள். கட்டத்தின் தலைப்பை மறுபடி படித்தாள். தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு. கேட்பது தகவல் தருபவரிடம். தாலுகா ஆபீசு வாரிசு என்று யாரை எழுதுமோ அதை அது எழுதட்டும். அங்கே மாமா பெயர் வரட்டும். இந்தக் கட்டத்தில் அவள் சொல்வதுதான் வேண்டும். 'மகள்' என்று எழுதினாள். எழுத்து செல்லத்தாயின் எழுத்தைப் போலவே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதை இதுவரை அவள் கவனித்ததில்லை.

மறுநாள் மாநகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யும் அம்மாள் படிவத்தை வாங்கி வரிகளில் விரலை ஓட்டினாள். "மகளா?"

"ஆமா."

"தாய் பேரு வேற இருக்கே ஆதார்ல?"

இல்லை, ஆதாரில் தாய் பெயர் என்று ஒரு கட்டமே இல்லை. பெர்சி சேர்த்துக் கொடுத்திருந்த பள்ளிச் சான்றிதழைத்தான் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்சி அதைச் சொல்லவில்லை. "பெத்தவங்க ஆனி. இது என் அம்மா. நான் ஒளிக்க ஒண்ணுமில்ல, எழுதிக்கிடுங்க," என்றாள். அந்த அம்மாள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

வெளியே வந்து தோள்பையில் ரசீதை வைக்கும்போதுதான் அது தன் பை இல்லை என்று பெர்சிக்கு உறைத்தது. காலையில் அவசரத்தில் கொக்கியில் இருந்து எடுத்தது செல்லத்தாயின் பை. உள்ளே பிளாஸ்டிக் உறையில் வேம்பார்ப் பத்திரம், பதிவு முத்திரையோடு. அதன் மேல் குண்டூசியில் ஒரு துண்டுத் தாள். 'செவ்வாய். வேம்பார் காலை பஸ். படித்துக் காட்டணும். மிட்டாய் வாங்கணும்.'

அந்தச் செவ்வாய் போய்ப் பதினேழு நாள் ஆகியிருந்தது. இந்துமதியின் எண் பத்திரத்தின் பின்பக்கம் பென்சிலில் இருந்தது. பெர்சி கூப்பிட்டாள். தான் யார் என்று சொன்னாள்.

"கேள்விப்பட்டோம் அக்கா," என்றாள் இந்துமதி. "துக்க வீட்டுல பத்திரத்தப் பத்தி எப்படிக் கேக்கன்னு இவுக இருந்துட்டாக. அம்மா பத்திரம் பதிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டுப் போனாக, நான் வந்து வாசிக்கிற வரைக்கும் பிள்ளைய எங்கயும் ஊருக்குக் கூட்டிட்டுப் போவாதிங்கன்னு. நாங்க எங்கயும் போவல."

பெர்சி பழைய பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். வழியில் மிட்டாய்க்கடை இன்னும் திறக்கவில்லை. திறக்கட்டும் என்று அதன் வாசலில் நின்றாள்.